‘பி.ஆர்.ஓ. தேவை’ விளம்பரத்துக்குப் போன் போடும் முன்

காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். “பி.ஆர்.ஓ. தேவை. ஏதேனும் ஒரு டிகிரி. பேச்சுத் திறமை அவசியம்.” பி.ஆர்.ஓ. என்றால் மக்கள் தொடர்பு அலுவலர். பி.ஏ. தமிழ் முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, எனக்காகவே எழுதியது போல இருந்தது. போன் போட்டேன், மறுநாளே வேலை. மக்கள் தொடர்பு வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிய நாலு மாதம் ஆயிற்று. உண்மையான பி.ஆர். வேலையில் போய் உட்கார மொத்தம் ஒன்றரை வருஷம். சான்றிதழ், ரயில், அறை அட்வான்ஸ், வீணான ஒரு கோர்ஸ் எல்லாமாகச் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு.

இப்போது பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வாரம் ஒருவராவது கேட்கிறார்கள், “அண்ணே, பி.ஆர்.ல எப்படிச் சேர்றது?” ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அது எந்த பி.ஆர்.ஓ. என்று முதலில் கேளுங்கள்

நம்மூர்ப் பக்கம் ‘பி.ஆர்.ஓ.’ என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் குறைந்தது நாலு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

தனியார் கல்லூரி, பள்ளி விளம்பரத்தில் வந்தால் பெரும்பாலும் அட்மிஷன் பிடிக்கும் வேலை. பிளஸ் டூ மாணவர்களின் போன் நம்பர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, “இந்த சீசனுக்கு முப்பது சீட்” என்பார்கள். நான் மாட்டியது இதில்தான். திருப்பத்தூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி என்று வெயிலில் பைக்கில் சுற்றினேன். பெட்ரோல் காசு சம்பளத்தோடு வரும் என்றார்கள். சம்பளமே சீட்டுக் கணக்கைப் பொறுத்துத்தான் வந்தது.

சில மருத்துவமனைகளில் இது வரவேற்பு மேஜை வேலை. காப்பீட்டு ஆவணம் வாங்குவது, டிஸ்சார்ஜ் நேரத்தில் கோபப்படும் உறவினரைச் சமாளிப்பது. இன்னும் சில இடங்களில், ஊர் ஊராகப் போய் சின்ன டாக்டர்களைப் பார்த்து நோயாளிகளை அனுப்பச் சொல்லும் வேலை. கோயில்களிலும் பெரிய கடைகளிலும் வி.ஐ.பி.களை வரவேற்று உள்ளே அழைத்துப் போகிறவர் பி.ஆர்.ஓ. சினிமாவில் படத்தின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்து, பேட்டிகளுக்கு நேரம் ஒதுக்குகிறவர் பி.ஆர்.ஓ. இந்தக் கடைசி ஆள்தான் நாம் பேசப்போகும் தொழிலுக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் செய்தியை ஊடகங்கள் வழியாக மக்களிடம் கொண்டுபோகும் தொழிலுக்கு, பங்காளி. மற்றவை தப்பான வேலைகள் இல்லை, ஆனால் வேறு வேலைகள்.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். “எனக்கு மாத டார்கெட் உண்டா?” “நான் யாருக்கு ரிப்போர்ட் செய்வேன், மார்க்கெட்டிங்குக்கா, நிர்வாகத்துக்கா?” “பத்திரிகைச் செய்தி யார் எழுதுவார்கள்?” மூன்றாவது கேள்விக்கு எதிர்முனை முழித்தால் போனை வைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். “லாக்கர்ல பத்திரமா இருக்கும் தம்பி” என்றுதான் என்னிடம் வாங்கினார்கள். விலகுகிறேன் என்றபோது, சீசன் முடியாமல் தர முடியாது என்றார்கள். அப்பாவும் மாமாவும் போய் உட்கார்ந்து பேசி, ஆறு வாரம் கழித்து வாங்கி வந்தார்கள். அசலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், சுயசான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடுத்துவிட்டு அசலோடு வீடு திரும்புங்கள்.

2. எந்தப் பிரிவுக்குப் போகப் போகிறீர்கள்

மக்கள் தொடர்பு ஒரே வேலை இல்லை. வாசல்கள் இரண்டு. ஒன்று, பல நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் பி.ஆர். ஏஜென்சி. இன்னொன்று, ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவு. புதியவர்களை எடுப்பது பெரும்பாலும் ஏஜென்சிதான். அங்கே முதல் பதவியின் பெயர் ‘அக்கவுண்ட் எக்ஸிகியூடிவ்’. எனக்கு அந்த ஆஃபர் லெட்டர் வந்தபோது, “தமிழ் படிச்சவனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை எதுக்குடா கொடுக்கிறான்?” என்று அப்பா கேட்டார். அங்கே அக்கவுண்ட் என்றால் வாடிக்கையாளர் நிறுவனம், கணக்கு வழக்கு இல்லை. அதற்கு மேலே சீனியர் எக்ஸிகியூடிவ், அக்கவுண்ட் மேனேஜர், அக்கவுண்ட் டைரக்டர் என்று படிகள் போகும்.

இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு துறையில் கை பழக வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் தெரிந்திருக்க வேண்டிய சட்டதிட்டம் தனி.

மருத்துவமனை, மருந்து நிறுவனம் என்றால், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் பாதி வேலை. நீரிழிவைக் குணப்படுத்துவோம், புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. நோயாளியின் படம் போட அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிகள் தெரிய வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை முதலில் பங்குச் சந்தைக்குத் தெரிவித்த பிறகுதான் நிருபரிடம் வாய் திறக்கலாம். டீக்கடையில் நண்பனிடம் சொன்னாலும் சிக்கல்தான். இந்தப் பிரிவுக்கு வணிகவியல் படித்தவர்கள் வந்தால் சீக்கிரம் மேலே போகலாம்.

யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆட்களை வைத்துச் செய்யும் வேலை என்றால், பணமோ இலவசப் பொருளோ வாங்கிப் போடும் பதிவில் ‘விளம்பரம்’ என்ற அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்று விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2021இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. “இதெல்லாம் யாரு பார்க்குறா” என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. கேட்டுக்கொள்ளாதீர்கள்.

நெருக்கடி நேரத் தொடர்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொழிற்சாலை விபத்து, உணவில் புகார், தலைமை அதிகாரி மேல் வழக்கு, இப்படி. காசு அதிகம், தூக்கம் குறைவு. புதியவர்களை இதில் விடமாட்டார்கள். அரசுக் கொள்கை சார்ந்த ‘பப்ளிக் அஃபேர்ஸ்’, ஊழியர்களுக்கான உள்தொடர்பு ஆகியவையும் உண்டு.

நம் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இயல்பாகக் கைவருவது சுற்றுலா, விடுதி, கைவினைப் பிரிவு. அரண்மனை போன்ற வீடுகள் விடுதிகளாகிக்கொண்டே இருக்கின்றன. ஆத்தங்குடி ஓடு, புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், சமையல் என்று சொல்வதற்கு விஷயம் குவிந்து கிடக்கிறது. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்த வீடுகளின் உட்பகுதிகளில் வளவு எது, பட்டாலை எது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

3. படிப்பு: எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

இந்தத் தொழிலுக்கு டாக்டர், வக்கீல் போல உரிமம் எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு பட்டம், நல்ல தமிழ், பிழையில்லாத ஆங்கிலம் இருந்தால் ஏஜென்சி எடுத்துக்கொள்ளும். இதழியல், காட்சித் தொடர்பியல், தகவல் தொடர்பியல் படித்திருந்தால் விண்ணப்பம் மேலே நிற்கும், அவ்வளவுதான்.

சிறப்பாகப் படிக்க வேண்டும் என்றால், டெல்லியிலுள்ள இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், அதாவது ஐ.ஐ.எம்.சி., விளம்பரம் மற்றும் மக்கள் தொடர்பில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் சேர்க்கை, முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி. வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் திறக்கும், மார்ச்சில் தேர்வு. நம் பிள்ளைகள் ஏப்ரலில் செமஸ்டர் முடித்துவிட்டுத் தேட ஆரம்பிப்பார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கடைசி வருஷப் படிப்பில் இருக்கும்போதே, தீபாவளி முடிந்த கையோடு பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். தேர்வுக் கட்டணம் தவிர டெல்லியில் தங்கும் செலவும் இருக்கிறது, அதை வீட்டில் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் இதழியல் துறைகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிக் கட்டணத்தை ஒப்பிட்டால் செலவு குறைவு.

நான் ஏமாந்தது ‘மூன்று மாத பி.ஆர். டிப்ளமோ, நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்ற ஒன்றில். பதினெட்டாயிரம் ரூபாய். சனி, ஞாயிறு வகுப்பு, பவர்பாயிண்ட் படங்கள், கடைசியில் லேமினேட் செய்த சான்றிதழ். நேர்காணலில் அதை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல கீபோர்டும் ஒரு வருஷ நாளிதழ்ச் சந்தாவும் வாங்கியிருக்கலாம்.

4. சான்றிதழ்களை ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்

அலுப்பான வேலை. ஆனால் நிறையப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பான் அட்டையில் இனிஷியலே இல்லை. நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான். ஏஜென்சிகள் வேலைக்கு எடுத்ததும் பின்னணிச் சரிபார்ப்புக்கு வெளியாரிடம் கொடுப்பார்கள். அங்கே பெயர் ஒத்துப்போகாவிட்டால் முதல் சம்பளம் தள்ளிப்போகும், வருங்கால வைப்புநிதிக் கணக்கும் சிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் பானையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். திருத்தம் வந்து சேரச் சில வாரம் பிடிக்கலாம். வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டம் (வராவிட்டால் புரொவிஷனல்), எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். அரசு வேலைக்கும் முயல்வதாக இருந்தால் சாதிச் சான்றிதழும், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றும். சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். தமிழ் வழிச் சான்று நீங்கள் படித்த பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வாங்க வேண்டியது. தலைமையாசிரியர் விடுமுறையில் போகும் மே மாதத்தில் போய் நிற்காதீர்கள்.

5. ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலைக் கோப்பு தயாரியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முழு விஷயமும். நேர்காணலில் நாக்கு குழறினாலும், செய்து காட்டிய வேலை கையில் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்த வேலையைச் செய்யச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் ஒரு நூலக விழா, ஒரு சேலை நெசவுப் பயிற்சி, பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு, ஏதாவது ஒன்றுக்கு இலவசமாகச் செய்தி எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்தில் ஐந்து நிகழ்ச்சி போதும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிய செய்திக்குறிப்பு, அனுப்பிய படம், அச்சில் வந்த வெட்டுத்துண்டு, தேதி, பத்திரிகை, பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அதுதான் கோப்பு. பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட எனக்கு 340 ரூபாய் ஆயிற்று. பி.டி.எஃப். ஒன்று போனிலும் இருக்கட்டும்.

என் முதல் செய்திக்குறிப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மூன்று பக்கம். “நூற்றாண்டுப் பாரம்பரியமும் கலைநயமும் ஒருங்கே மிளிரும் செட்டிநாட்டு மண்ணில்” என்று ஆரம்பித்து, யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்று ஒன்றரைப் பக்கம். எடுத்துக்கொண்டு போய் ஒரு மூத்த நிருபரிடம் கொடுத்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரே கோட்டில் அடித்தார். இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வாக்கியத்துக்கு வட்டம் போட்டார். “தம்பி, இதுதான் செய்தி. இதை ஏன் கடைசியில ஒளிச்சு வச்சிருக்கிய?”

அவர் வட்டம் போட்டதை வைத்துத் திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி: “கண்டாங்கிச் சேலை நெய்யக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்குக் காரைக்குடியில் வரும் 15ஆம் தேதி முதல் பத்து நாள் இலவசப் பயிற்சி நடக்கிறது. 20 பேருக்கு மட்டும் இடம் உண்டு.” யார் நடத்துகிறார்கள், எப்படிப் பதிவு செய்வது என்பது அடுத்த இரண்டு வரி. மொத்தம் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். கீழே உங்கள் பெயர், போன் எண். மாலை ஐந்து மணிக்கு நிருபர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்தச் செய்தி அன்றைக்குச் செத்தது.

அடுத்து, எங்கே அனுப்புவது. செட்டிநாடு வரைபடத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், பெரும்பாலும் மதுரைப் பதிப்பில் வரும். திருமயம், பொன்னமராவதி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், அது திருச்சிப் பதிப்பு. ராயவரத்து நிகழ்ச்சியைக் காரைக்குடி நிருபரிடம் கொடுத்துவிட்டு, “பேப்பரில் வரவில்லையே” என்று இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன். பத்திரிகை, பதிப்பு, நிருபர் பெயர், எண், எந்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று ஒரு எக்செல் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலே நேர்காணலில் பேசும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. செய்தியை யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், செய்ய மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்கள், இனிஷியல் தப்பில்லாமல். இனிஷியல் மாறினால் நம்மூரில் அது வேறு வீட்டு ஆள். காலை நிகழ்ச்சி என்றால் மதியம் இரண்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். மாவட்டப் பக்கம் முதல் பக்கத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

நாள் பார்த்து வையுங்கள். பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்கு ஒரு செய்தியாளர் சந்திப்பு வைத்தேன். முப்பது நாற்காலி, முப்பது பேருக்கு வெள்ளைப்பணியாரமும் காரச்சட்னியும். வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். மாசி, பங்குனித் திருவிழா, தேர்தல் அறிவிப்பு, பொதுத் தேர்வு முடிவு வரும் நாள், எதுவும் ஆகாது.

படம் எடுக்கும் விஷயத்தில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெரிய வீட்டைப் பற்றிக் கட்டுரைக்கு ஏற்பாடு செய்திருந்தேன். அந்த வீட்டில் இருந்த ஆச்சி, “அதுக்கென்ன தம்பி, நல்லா எடுங்க” என்றார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று எல்லாம் எடுத்து, வாரப் பத்திரிகையில் நாலு பக்கம் வந்தது. மறுநாள் மலேசியாவிலிருந்து ஒரு போன். “இந்த வீட்டுக்கு எத்தனை பங்குன்னு கேட்டியளா?” கேட்கவில்லை. பதினோரு பங்கு. பத்துப் பேருக்குத் தெரியாமல் அவர்கள் வீட்டு சாமி அறை வரை அச்சில் வந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதியும் சிலருக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

அதனால் பொது வீடு என்றால், பங்காளிகளில் நிர்வாகம் பார்ப்பவர் யார் என்று கேட்டு, அவர் வழியாக எல்லாருக்கும் தகவல் சொல்லி, எந்தெந்த இடத்தைப் படம் எடுக்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு காலத்துக்கு என்று ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் மின்னஞ்சலில் சம்மதம் சொன்னால் அதையும் சேர்த்து வையுங்கள். இதற்கே மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

கவர் கொடுக்கும் பழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “நிருபர்களுக்கு ஏதாவது செய்யணுமா?” என்று நிகழ்ச்சிக்காரர்கள் கேட்பார்கள். சாப்பாடு, தண்ணீர், உட்கார இடம், முழு விவரம் அச்சடித்த தாள், இதெல்லாம் செய்யுங்கள். பணக் கவர் வேண்டாம். ஒருமுறை கொடுத்துவிட்டால் நீங்கள் கொண்டுபோகும் நல்ல செய்திக்கும் விலை வந்துவிடும். விளம்பரம் வேண்டும் என்றால் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் பணம் கட்டி ரசீதோடு போடட்டும்.

6. விண்ணப்பமும் நேர்காணலும்

சென்னை, பெங்களூரு ஏஜென்சிகளின் இணையப் பக்கத்தில் வேலைப் பகுதியைப் பாருங்கள். லிங்க்ட்இனில் தமிழ்நாட்டு ஊடகப் பிரிவில் இருப்பவர்களுக்கு நாலு வரியில் எழுதுங்கள். வணக்கம், யார், என்ன செய்திருக்கிறேன், கோப்பு இணைத்திருக்கிறேன். முதலில் பயிற்சியாளர் இடம் கேளுங்கள். மூன்று முதல் ஆறு மாதம், கையில் உதவித்தொகை கொஞ்சம். பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது ஏஜென்சி இல்லை.

எழுத்துத் தேர்வு நிச்சயம் இருக்கும். எனக்கு நடந்தது ஒரு மணி நேரம். ஒரு தண்ணீர் சுத்திகரிப்பான் பற்றிய விவரத் தாளைக் கொடுத்து ஆங்கிலத்தில் செய்திக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். பிறகு அதையே தமிழில். பெரும்பாலானவர்கள் தமிழில்தான் கோட்டை விடுகிறார்கள், வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கிறார்கள். தினமும் தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை மூன்றிலும் ஒரே செய்தியைப் படித்து எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். இரண்டு மாதம் செய்தால் போதும்.

பயணம். காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை ஏறினால் எழும்பூர் போய்ச் சேர மதியமாகிவிடும். பதினோரு மணி நேர்காணலுக்கு அது உதவாது. ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயிலில் போய், காலையில் குளித்து உடை மாற்றிக்கொண்டு போவதுதான் சரி. வார இறுதி, பொங்கல், தீபாவளிக் காலத்தில் டிக்கெட் கிடைக்காது. நேர்காணல் தேதி கேட்டால் செவ்வாய், புதன் சொல்லுங்கள். முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. சம்பளம், ஒப்பந்தம்

2019இல் என் முதல் சம்பளம் பிடித்தம் போக 15,900 ரூபாய். இரண்டு பேரோடு அறையைப் பங்கிட்டதில் வாடகை 5,500, சாப்பாடு 4,500, பஸ், மின்சார ரயில் ஆயிரத்துக்கு மேல். முதல் மாதம் சம்பளம் வரும் முன் அட்வான்ஸ் உட்பட 28,000 கையை விட்டுப் போயிற்று. இன்றைக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃபர் லெட்டரில் மூன்று இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆண்டுச் சம்பளத்தில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, பாண்டு ஏதாவது உண்டா. ஒரு வருஷத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்த ஒரு ஆஃபரைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் திட்டினார்கள், பரவாயில்லை.

8. அரசு வழி

தமிழ்நாட்டில் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் உண்டு. நமக்கு சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்திலும், புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு அங்கேயும். ஆட்சியரின் நிகழ்ச்சிகளைச் செய்தியாக்குவது, அரசுத் திட்டங்களுக்குப் புகைப்படக் கண்காட்சி வைப்பது என்று வேலை ஓடும்.

இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதற்காகவே காத்திருக்காதீர்கள். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவை 150 ரூபாய் கட்டிச் செய்து வையுங்கள், ஐந்து வருஷம் செல்லும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசில் இந்தியத் தகவல் பணிக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு வழியாகப் போகலாம். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை.

“துறையில ஆள் இருக்கு, மூணு லட்சம் கொடுத்தா ஏ.பி.ஆர்.ஓ. போஸ்டிங்” என்று, உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பதவியைக் காட்டி, கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் சொல்வார். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரும் பொதுத் தகவல் அலுவலரையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஏற்கெனவே அந்த அலுவலகத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தரும் கூடுதல் பொறுப்பு, தனி வேலைவாய்ப்பு இல்லை.

9. ஊருக்குத் திரும்பித் தனியாகச் செய்வதென்றால்

நாலு வருஷ ஏஜென்சி அனுபவத்துக்குப் பிறகு நான் திரும்பி வந்தேன். இப்போது இரண்டு விடுதிகளுக்கும் ஒரு கைவினைக் கூட்டமைப்புக்கும் வேலை பார்க்கிறேன். அனுபவம் இல்லாமல் நேரே இதில் குதிக்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதே பெயர் மாதிரி இருக்கும் தனியார் தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும், அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை இந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டிய வருமான வரியாகப் பிடிக்கும். ஒரே நிறுவனத்திடம் வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இது வரும். வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். முதல் வருஷம் தெரியாமல் நான் விட்டது ஒன்பதாயிரம்.

வேலை பேசும்போது, “இத்தனை செய்தி பேப்பரில் வரும்” என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதம் எத்தனை செய்திக்குறிப்பு எழுதுவீர்கள், எத்தனை பத்திரிகையாளரை அழைத்து வருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பாதிப் பணம் முன்பணம். விடுதி சீசன் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பயணப் பத்திரிகைகள் அதற்கான பக்கங்களை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடும், நவம்பரில் போய் வேலை கேட்டால் அந்த வருஷம் போயிற்று.

பில் யார் பெயருக்கு என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பங்கு வீட்டு வேலை ஒன்றுக்கு நான் கொடுத்த 36,000 ரூபாய் பில் கோயம்புத்தூர், சென்னை, கோலாலம்பூர் என்று மூன்று பங்காளிகளிடம் சுற்றியது. ஏழு மாதம் கழித்து வந்தது, மூன்று தவணையாக, அதில் ஒரு தவணை ரிங்கிட்டில்.